ஜோதியை ஒரு வார்த்தை கேட்காமல்

முருகேசா, போன ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகையில் யார் யார் பெயரைப் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக நீ ஒன்று கேட்டாய். “கடைசியில அதே ஆபரேசன்தானம்மா நடந்துச்சு, இடையில எதுக்கு அம்புட்டு ஆட்டம்?” அடுப்பில் பால் கிடக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பதில் இருந்தது, ஆனால் போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. காய்ந்த துணியை மறுபடி நனைத்துவிடுகிறேன். வாசலுக்குப் போய் நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புகிறேன். இன்றைக்கு உன் அக்கா ஆபரேசனுக்குப் பிறகு முதன்முதலாக வேலைக்குப் போயிருக்கிறாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததோ, நின்றுகொண்டே போனாளோ என்று மனசு ஒரு பக்கம் ஓடுகிறது. இன்னொரு பக்கம் உன் கேள்வி. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

நீ ஓசூரில் இருந்தாய். உனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் கேட்டதுதான், அதிலும் பாதி நாம் சண்டை போட்டுக்கொண்டே பேசியது. அதனால் நீ அறிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஜோதிக்கு அறிவுசார் குறைபாடு என்று சான்றிதழில் எழுதியிருக்கிறது. கணக்கு வராது, கடிகாரத்தில் மணி பார்க்க வராது. யாராவது நீளமாகப் பேசினால் பாதியில் கவனம் போய்விடும். ஆனால் மம்சாபுரத்திலிருந்து தனியாக பஸ் ஏறி ராஜபாளையம் போய், பேண்டேஜ் துணி கம்பெனியில் துணியை மடித்துச் சுருட்டி உறையில் போட்டுவிட்டு, மறுபடி தனியாக வீடு வந்து சேருகிறவள். போன வருசம் அவளுக்கு மாதவிடாய் நிற்காமல் போக ஆரம்பித்தது. மாற்றுத் துணியைப் பையில் எடுத்துக்கொண்டே வேலைக்குப் போனாள். முகம் வெளுத்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள்.

அந்த டாக்டர் என்னைப் பார்த்தே பேசினார். ஜோதி என் பக்கத்தில்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். “இந்த மாதிரிப் பிள்ளைக்குக் கர்ப்பப்பை இருந்து என்ன ஆகப் போகுது? எடுத்துட்டா மாசாமாசம் உங்களுக்கும் தொல்லை இருக்காது” என்றார். இவள் கையெழுத்து செல்லாது, சட்டப்படி கார்டியன் யாரென்று உத்தரவு வாங்கி வாருங்கள், அவர் கையெழுத்துப் போடட்டும் என்றார். எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருந்தது. நீயும் லீவு போட்டு வந்தாய். விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் அதற்கென்று இருக்கிற குழுவிடம், அக்காவுக்கு உன்னைக் கார்டியனாகப் போடச் சொல்லி மனுக் கொடுத்தோம். நானும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து டீ குடிக்கும்போது, “உனக்குப் பொறவு நான்தானம்மா பாக்கணும், இப்பமே எம்பேர்ல இருந்துட்டா நல்லது” என்றாய். உன் மனசில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இதில் எந்த இடத்திலும் அதை நான் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜோதியிடம், டாக்டர் வயிற்று வலிக்கு மருந்து கொடுப்பாக என்று மட்டும் சொன்னோம்.

அவள் அன்று ஸ்டூலில் உட்கார்ந்தும், பிறகு வீட்டில் நாம் பேசும்போதும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நீ ஊருக்குப் போன மறுநாள், சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கேட்டாள். “எம்மா, தம்பி எனக்கு கார்டியனா?”

“ஆமாட்டி.”

“அப்படின்னா என்ன?”

“உனக்குப் பதிலா அவன் கையெழுத்துப் போடுவான்.”

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும்.”

பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். “எனக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே” என்றாள். கம்பெனியில் சம்பளம் வாங்கும்போது பெயரைப் பெரிது பெரிதாக எழுதுவாள், கட்டத்துக்கு வெளியே கூடப் போகும். எனக்குச் சிரிப்பு வந்தது. சாப்பிடுட்டி என்று அதட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வக்கீல் ரெஜினா போன் பண்ணினாள். உனக்கு அவளைப் பிடிக்காது. இருந்தாலும் யாரென்று சொல்லிவிடுகிறேன். போலியோவில் கால் போனவள், பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கும் ராஜபாளையத்துக்கும் அலைகிறவள். ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிறுதோறும் மாற்றுத்திறனாளிகளைக் கூட்டி அவள் நடத்துகிற சங்கத்துக்குத்தான் ஜோதி போய் வருகிறாள். ஏதோ கைவேலை சொல்லித் தருகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள் என்று நினைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். “செத்த வாங்கம்மா, ஜோதி ஒரு விசயம் சொல்லியிருக்கா, நீங்களும் இருந்து கேட்டா நல்லது” என்றாள். மகள் மயங்கி விழுந்துவிட்டாளோ என்று பதறிக்கொண்டு ஓடினேன்.

அங்கே ஜோதி தெளிவாக உட்கார்ந்திருந்தாள். அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்து, “என் வயித்துக்குள்ள இருக்கிறத எடுக்கப் போறீங்க. எங்கிட்ட யாருமே சொல்லல” என்றாள். சத்தம் போடவில்லை. புகார் சொல்கிற குரலும் இல்லை. பஸ் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள். எனக்கு அந்த ஹாலில் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போது பேச்சியம்மாள் என்று ஒரு பெண் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜோதியைவிடப் பத்து வயது மூத்தவளாக இருப்பாள். அவளுக்கும் ஜோதியைப் போலத்தான். வார்த்தை மெதுவாகத்தான் வரும். வயசுக்கு வந்த கொஞ்ச நாளில் வயிற்று வலிக்கு ஊசி போடப் போகிறோம் என்று சொல்லி அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கண் விழித்தபோது வயிற்றில் தையல். “பொறவு மாசாமாசம் வர்ற தூரமே வரல. நல்லாயிருச்சுன்னு நெனச்சேன். எங்க மதினி ஒரு சண்டையில சொன்னாக, உனக்குத்தான் வயித்துக்குள்ள ஒண்ணுமே இல்லையேன்னு. அப்பதான் தெரியும்” என்றாள். அவள் அழவில்லை. கையை எடுத்து என் கையின் மேல் வைத்துக்கொண்டாள். நான்தான் அழுதேன்.

ரெஜினா என்னைக் குற்றம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. இந்தச் சங்கம் இத்தனை வருசமாக அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கேட்பது ஒன்றுதான் என்றாள். சட்டத்தின் முன்னால் ஜோதியும் மற்றவர்களைப் போல ஒரு ஆள். அவளுக்குப் புரிவதற்கு உதவி வேண்டுமென்றால் உதவலாம், படம் போட்டுக் காட்டலாம், திரும்பத் திரும்பச் சொல்லலாம், ஆனால் உதவுகிறவர்கள் முடிவை எடுத்துக்கொள்ளக் கூடாது. “இது எங்க ஆசை மட்டும் இல்லம்மா, புதுச் சட்டத்துல எழுதியே இருக்கு. ஆஸ்பத்திரியிலயும் பேங்க்கிலயும் யாரும் வாசிச்சதில்ல, அம்புட்டுதான்” என்றாள். “அவ தப்பா முடிவெடுத்துட்டா?” என்று கேட்டேன். “நாம எல்லாருமே எடுக்கிறோமே” என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஜோதியைக் கூட்டிக்கொண்டு வீடு வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் பண்ணி, ஆபரேசனை இப்போதைக்கு நிறுத்துவோம், ஜோதியைக் கேட்போம் என்றேன். “எம்மா, அவளுக்கு என்னம்மா தெரியும்? மணி எத்தனைன்னு கேட்டா சொல்லத் தெரியாது” என்று கத்தினாய். ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, யாரோ பேச்சைக் கேட்டு அக்கா உயிரோடு விளையாடுகிறாய் என்றாய். நீ கத்தியது பயத்தில் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் அதே பயம் இருந்ததால்தான் நானும் கத்தினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஜோதியைக் கூட்டிப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. ரெஜினா முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் ஜோதியை எதிரே உட்கார வைத்து, ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து, கட்டி இருக்கிற இடத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். நான் நடுவில் பேசப் போனபோது, “அம்மா, ஒரு நிமிசம், அவங்க கேக்கட்டும்” என்று என்னை நிறுத்தினாள். ஜோதி அந்தப் படத்தையே பார்த்தாள். வலிக்குமா என்று கேட்டாள். எத்தனை நாள் வேலைக்குப் போகக் கூடாது என்று கேட்டாள். அப்புறம், நான் கொஞ்சமும் எதிர்பாராமல், “எடுத்துட்டா எனக்குப் பிள்ளை பிறக்குமா?” என்று கேட்டாள். பிறக்காது என்று டாக்டரம்மா உள்ளதைச் சொன்னாள். ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். அவளைப் பெற்று, குளிப்பாட்டி, தலை சீவி விட்ட எனக்கு, அவள் மனசில் அப்படி ஒரு ஆசை இருக்கிறது என்று அந்த நிமிசம் வரை தெரியாது. கல்யாண வயதைத் தாண்டி எத்தனையோ வருசம் ஆகியும் அவளிடம் யாரும் கேட்டதே இல்லையே. மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம், சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, உடம்பில் ரத்தம் குறைந்து சோர்வு வந்தால் உடனே வர வேண்டும் என்றாள் டாக்டரம்மா. “மாத்திரை” என்றாள் ஜோதி.

நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான குறைதீர் கூட்டம் நடந்தது. சங்கத்தில் எல்லோருமாகப் போனார்கள், நானும் போனேன். ஆஸ்பத்திரியிலும் பேங்க்கிலும் கார்டியன் எங்கே என்று கேட்பதற்கு முன்னால் சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்க வேண்டும் என்பதுதான் மனு. ஜோதியைப் பேசச் சொன்னார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர், ஆனால் அவரும் “பாப்பாவுக்கு என்னம்மா பிரச்சினை?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. முருகேசா, அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அவளுக்காகப் பதில் சொல்லியே பழகிய வாய். ஜோதிதான், “எங்கிட்ட கேளுங்க சார்” என்றாள். அவர் திரும்பி அவளிடம் கேட்டார். அவளும் சொன்னாள், திக்கித் திக்கி, நடுவில் கம்பெனிக் கதை ஒன்றும் சேர்த்து. அவர் முழுதும் கேட்டார். எல்லா இடத்துக்கும் சுற்றறிக்கை அனுப்பச் சொல்கிறோம் என்றார்கள். அது போய்ச் சேர்ந்ததா என்று சங்கத்துக்காரர்கள் இன்னும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மாத்திரை கேட்கவில்லை. கொஞ்ச நாள் ரத்தப்போக்கு குறைந்த மாதிரி இருந்து, மறுபடி ஆரம்பித்துவிட்டது. போவோம் வாட்டி என்று நான் கெஞ்சினேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். பயந்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டுமா என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் காலை கம்பெனியில் மேசை பக்கத்திலேயே விழுந்துவிட்டாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் ஆட்டோவில் போட்டு அதே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் போய்ச் சேரும்போது ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உதடு காகிதம் மாதிரி இருந்தது. நீ ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து வார்டு வாசலில் நின்று, என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாய். “இப்ப சந்தோசமாம்மா?”

நீ சொன்னபடி முதலிலேயே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தால் அவள் அப்படி விழுந்திருக்க மாட்டாள். அது உண்மை, அதை நான் எங்கேயும் ஒளிக்கப் போவதில்லை. ரெஜினாவும் வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா” என்றாள். தைரியம் சொல்லாமல் அவள் அப்படிச் சொன்னது எனக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

நீ பெரிய டாக்டரிடம் மேற்கொண்டு என்ன என்று பேசப் போன நேரத்தில் வார்டுக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. ஜோதி கண் விழித்ததும் அந்தப் படத்தை மறுபடி வரையச் சொன்னாள். டாக்டரம்மா வரைந்தாள். “மாத்திரை போதலையா?” என்றாள் ஜோதி. போதலை என்றாள் டாக்டரம்மா. கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று நான் கேட்டேன். கட்டி ஒன்றில்லை, பலது இருக்கிறது, அப்படிச் செய்தால் மறுபடி வரலாம், இப்போதிருக்கிற உடம்பு தாங்குமா என்பதும் சந்தேகம் என்றாள். ஜோதி எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, பார்க்க வந்திருந்த பேச்சியம்மாளை மட்டும் இருக்கச் சொன்னாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று இன்று வரை நான் கேட்கவில்லை. வெளியே வந்த பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். உள்ளே போனேன். “எம்மா, எடுத்துரச் சொல்லு” என்றவள் உடனே, “இல்ல, நானே சொல்லுதேன்” என்றாள். டாக்டரம்மா வந்ததும், “எடுத்துருங்க. எனக்கு வேலைக்குப் போணும்” என்றாள்.

ஆபரேசனுக்கு முன்னால் சம்மதத் தாளை டாக்டரம்மா அவளிடம்தான் நீட்டினாள். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்ல, பெயரைப் பெரிது பெரிதாக எழுதினாள். எடுத்ததை அம்மாவுக்குக் காட்டுவோம் என்று நர்ஸ் சொன்னபோது, “எங்கம்மாவுக்கு எதுக்கு? என்னோடதுதான” என்றாள். அந்த நேரத்திலும் வார்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் நினைவு தெளிந்த பிறகு, பரிசோதனைக்கு அனுப்புவதற்கு முன், ஒரு டப்பாவில் கொண்டுவந்து காட்டினார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பார்த்தாள். “இதுக்கா இம்புட்டு வலி” என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு சில நாள் அழுதாள். பிள்ளைக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியும். போகட்டும் விடுட்டி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அதே ஆபரேசன்தான். பேச்சியம்மாளுக்கு நடந்ததும் அதேதான். ஆனால் பேச்சியம்மாள் இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் வேறு பக்கம் நடந்துவிடுகிறாள், கூடப் பிறந்த அண்ணன் கொடுத்த காப்பியைக் கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். உன் அக்கா போன வாரம் தையலைக் காட்டுவதற்குத் தனியாகப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள். வரும்போது எனக்குக் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். நமக்கும் அவளுக்கும் நடுவில் எதுவும் உடையவில்லை. அவள் நம்மைப் பார்த்துப் பயப்படவில்லை. நீயும் நானும் முதலில் நினைத்தபடி செய்திருந்தால் அவள் உடம்பு சீக்கிரம் தேறியிருக்கும், அது சரிதான். ஆனால் பின்னால் ஒரு நாள், ஏதோ ஒரு சண்டையில், யாரோ ஒருத்தி வாயால் அவளுக்கு அது தெரிந்திருக்கும். அன்றைக்கு உன்னை எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்துப் பார்.

விருதுநகர் குழுவிலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லித் தபால் வந்திருக்கிறது. அந்தக் கார்டியன் மனுவை நீ வாபஸ் வாங்க வேண்டும் என்று கேட்கிறேன். வாங்காவிட்டாலும் நான் போய், என் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் போகிறேன். அதை உன் முதுகுக்குப் பின்னால் செய்யப் பிடிக்காமல்தான் இங்கேயே எழுதிவிட்டேன். எனக்குப் பிறகு அவளுக்கு யார் என்று நீ கேட்பாய். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உத்தரவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடலாம் என்றால் எனக்கு நிம்மதிதான். அந்த நிம்மதி எனக்குக் கிடைக்கும், விலை அவள் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் இந்தத் தவிப்போடு இருந்து பழகிக்கொள்கிறேன். முடிவெடுக்கும்போது பக்கத்தில் இருந்து விளக்கிச் சொல்ல யார் யார் வேண்டும் என்று ரெஜினா அவளிடம் கேட்டாள். அவள் முதலில் சொன்ன பெயர் உன்னுடையது. “தம்பி படிச்சவன், நல்லா வாசிச்சுச் சொல்லுவான். ஆனா கத்தக் கூடாது” என்றாள்.

கடைசியாக ஒன்று. தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சைச் சித்தி மகள் போடட்டும், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, அத்தனை கூட்டத்தில் பதறிவிடுவாள் என்று பெண் வீட்டாரிடம் நீ சொல்லிவிட்டதாக உன் சித்தி சொன்னாள். அக்கறையில்தான் சொல்லியிருப்பாய். நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜோதியிடம் இதைச் சொன்னேன். கோபப்படுவாள், இல்லாவிட்டால் நான்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டுக்கொண்டே, “தம்பி வந்து எங்கிட்ட கேக்கட்டும். நான் யோசிச்சுச் சொல்லுதேன்” என்றாள்.

கேட்பாயா?

அம்மா